ஏற்ற இறக்கமில்லாத றோட்டில் மறைந்திருந்த நான்கு கோளாறுகள்: ஒரு பழைய ட்ராட் சன்னியின் பிரேக் ஆய்வு

வண்டி களுவாஞ்சிக்குடியில் ஓடும் நிஸான் ட்ராட் சன்னி. 1980களின் பிற்பகுதியில் வந்த, முன்சில்லால் இழுபடும் கார். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம், மிதிக்குப் பலம் சேர்க்கும் வெற்றிட பூஸ்டர், மிதித்ததும் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். ஒயில் சுற்று குறுக்காகப் பிரிகிறது: இடது பின்னும் வலது முன்னும் ஒன்று, வலது பின்னும் இடது முன்னும் மற்றது.

முறைப்பாடு ஒரே வரிதான்: "பிரேக் காணாது." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாஸ்டர் சிலிண்டருக்கு றப்பர் கிட் மாற்றியாகிவிட்டது. சில வாரம் நன்றாக இருந்து, பிறகு பழையபடி. அந்த வேலையை முழுப் பிழை என்று சொல்ல முடியாது. மாஸ்டரிலும் கோளாறு இருந்தது. ஆனால் "காணாது" என்பதைப் பிரித்துக் கேட்டபோது நான்கு வேறு வேறு குணங்கள் வெளியே வந்தன.

ஒன்று, கல்லடிப் பாலத்தடியில் வரிசையில் நிற்கும்போது காலை இலேசாக வைத்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். ஓங்கி மிதித்தால் நிற்கும். இரண்டு, முதல் மிதியில் பெடல் ஆழம் போகும், உடனே இரண்டாம் தரம் மிதித்தால் உயரத்தில் பிடிக்கும். மூன்று, கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு பிரேக் மிதிக்காமலே வண்டி இடது பக்கம் இழுக்கும், இடது முன்சில்லில் கைவைக்க முடியாத சூடு. நான்கு, கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகத் திரும்பும்போது 18 வளைவு இறக்கத்தில் பெடல் தரை வரை போனது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டதும் தானாகத் திரும்பி வந்தது.

நாலாவதுதான் வண்டியைக் கராஜுக்குக் கொண்டு வந்தது. முதல் மூன்றையும் உரிமையாளர் பெரிதாக எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் வந்திருக்காது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை றோட்டில் ஏற்ற இறக்கம் என்று சொல்ல எதுவுமில்லை. மாடு குறுக்கே வந்தால் மிதிப்பது, சந்தியில் மிதிப்பது, அவ்வளவுதான். இரண்டு மிதிக்கு இடையில் சூடு ஆறிவிடும். ஒயில் எவ்வளவு கெட்டிருந்தாலும் இந்த றோட்டு அதைக் காட்டிக் கொடுக்காது.

கழற்ற முன்னர் பார்த்தவை

முதலில் ஒயில் டப்பா. மட்டம் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே, நிறம் கறுப்புத் தேயிலைச் சாயம். நிறத்தை மட்டும் வைத்து ஒயிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கறுப்பு பெரும்பாலும் றப்பர் தேய்வாலும் துருவாலும் வருவது. மூடிக்குள் இருக்கும் றப்பர் ஊதியிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். யாராவது என்ஜின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றியிருந்தால் அந்த றப்பர் உப்பி நெளிந்துவிடும். சந்தேகம் இருந்தால் டப்பாவில் இருந்து சில துளி எடுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். டொட் 3, டொட் 4 என்ற தரங்களில் வரும் பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மினரல் ஒயில் மேலே மிதக்கும். மிதந்தால் மாஸ்டர், டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பர், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், ஹோஸ் என்று றப்பர் உள்ள ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும், குறுக்கு வழி கிடையாது. இந்த வண்டியில் கலந்தது. நல்லது.

அடுத்து பூஸ்டர். என்ஜினை நிறுத்தி ஐந்தாறு தரம் மிதித்து வெற்றிடத்தைக் காலி பண்ணி, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இங்கே இறங்கியது. பூஸ்டர் பழுதானால் பெடல் கெட்டியாகும், கால் வலிக்கும்; கீழே போகாது. பெடல் போகிறது என்று வருகிற வண்டிக்குப் பூஸ்டர் மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று ஒருமுறை கேட்பது நல்லது.

பிறகு ஹேண்ட் பிரேக் சோதனை. நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். இழுக்காமல் மிதித்ததைவிட இப்போது பெடல் உயரத்தில் பிடித்தால், பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். ஷூ டிரம்மைத் தொடுவதற்கே மாஸ்டரின் பாதி ஓட்டம் போய்விடுகிறது. இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறது. இங்கே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது குணத்துக்கான காரணம் ஒரு ஸ்பானரும் எடுக்காமலே கிடைத்துவிட்டது.

மாஸ்டரைத் தனியாக விசாரித்தல்

மிதித்து வைத்திருந்த பெடல் மெல்ல இறங்கினால் இரண்டே வழி: ஒயில் வெளியே போகிறது, அல்லது மாஸ்டருக்குள்ளேயே பிஸ்டனின் சீலான கப் றப்பரைத் தாண்டிப் பின்னால் போகிறது. வெளியே போனால் டப்பா மட்டம் குறையும். உள்ளே போனால் குறையாது. இந்த வண்டியில் மட்டமும் குறைந்திருந்தது. அதனால் ஒழுக்கு ஒன்றைக் கண்டுபிடித்து அடைத்தால் பெடல் சரியாகும் என்று நினைக்கத் தோன்றும். இலேசாக மிதித்தால் இறங்கும், ஓங்கி மிதித்தால் நிற்கும் என்ற குணம் அதற்கு ஒத்துவராது. வெளி ஒழுக்கு என்றால் ஓங்கி மிதிக்க மிதிக்க வேகமாக இறங்க வேண்டும். கப் றப்பரின் உதடு நேர்மாறு: அழுத்தம் கூடினால் விரிந்து சுவரோடு ஒட்டும், குறைந்த அழுத்தத்தில்தான் வழிவிடும்.

ஊகத்தோடு நிற்காமல் உறுதிப்படுத்த, மாஸ்டரிலிருந்து வெளியேறும் குழாய்களைக் கழற்றி அந்தத் துளைகளுக்கு அடைப்பு நட் போட வேண்டும். ஜப்பான் கார்களில் இந்தத் துளை பெரும்பாலும் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் பிரி. லேத் கடையில் இரண்டு செய்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் உதவும். பழைய நட்டைக் கழற்ற 10 மில்லிமீற்றர் ஃப்ளேர் ஸ்பானர்தான் சரி; சாதாரண வாய் ஸ்பானர் நட்டின் மூலையைத் தின்றுவிடும், நட் குழாயோடு ஒட்டியிருந்தால் குழாயும் முறுகும்.

அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை அடைப்பைச் சற்றுத் தளர்த்தி வெளியேற்றிவிட்டு மிதித்தால், நல்ல மாஸ்டரில் பெடல் உயரத்திலேயே கல்லுப்போல நிற்கும். ஒரு நிமிடம் இலேசாக, ஒரு நிமிடம் ஓங்கி. இந்த வண்டியில் ஓங்கி மிதித்தபோது நின்றது. இலேசாக வைத்தபோது இறங்கியது. சில்லுப் பக்கம் எதுவுமே இணைந்திராத நிலையில் இறங்கியதால் கோளாறு மாஸ்டருக்குள்.

புதிய கப் போட்டுச் சில வாரத்தில் ஏன் இப்படி? கழற்றிப் பார்த்தபோது விடை சிலிண்டர் சுவரில் இருந்தது. பிஸ்டன் வழக்கமாக ஓடும் இடம் பளபளப்பு. அதற்கு அப்பால், அடிப்பக்கத்தில், துருப் புள்ளிகள். தண்ணீர் ஏறிய ஒயில் அசையாமல் தங்கும் இடம் அதுதான். கிட் மாற்றியபின் ஒயிலில் சிக்கிய காற்றை எடுக்கப் பெடலைத் தரை வரை மிதித்திருப்பார்கள். அப்போது புதிய கப்பின் உதடு, வழக்கமாகப் போகாத அந்தத் துருப் பகுதிக்குள் போய்க் கீறுப்பட்டு வந்திருக்கிறது. உதட்டில் கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. பழைய வண்டியில் காற்று எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து ஓட்டத்தைப் பாதியில் தடுப்பது இதற்காகத்தான். இந்தக் கட்டையை வைக்காததால் நல்ல மாஸ்டர்களும் கெட்டுப்போகின்றன.

துருப் புள்ளி விழுந்த சிலிண்டருக்கு மறுபடி கிட் போடுவது காசை இரண்டு தரம் செலவழிப்பது. வார்ப்பிரும்பாக இருந்தால் மேலோட்டமான கறையை ஹோன் பண்ணி, அதாவது உள்சுவரைத் தேய்த்து, எடுக்கலாம். நகத்தில் தட்டுப்படும் குழியை எடுக்கப் போனால் விட்டம் கூடிவிடும். அலுமினியம் என்றால் ஹோன் பண்ணவே கூடாது, மேல்பூச்சு போய்விடும். முழு மாஸ்டராக மாற்றுவதுதான் வழி.

வாங்கும்போது விட்டத்தைப் பார்க்க வேண்டும். உடலில் எண் வார்த்திருக்கும். கொழும்பின் வாகனப் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாகங்களில் வெளித் தோற்றத்தில் ஒன்றாகவும் உள்விட்டத்தில் வேறாகவும் இருப்பவை உண்டு. 13/16 அங்குலத்துக்குப் பதிலாக 7/8 போட்டால் பரப்பு ஏறக்குறைய 16 சதவீதம் கூடும். பெடல் ஓட்டம் குறைந்து "நல்லாப் பிடிக்குது" போலத் தோன்றும். உண்மையில் அதே பிரேக்குக்கு அதே அளவு அதிக பலம் காலில் வேண்டும். ரீகண்டிஷன் மாஸ்டர் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் சுவர் எப்படி இருக்கிறது என்று கடையில் யாரும் கழற்றிக் காட்டப் போவதில்லை.

இடது முன்சில்லு

காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின் ஒவ்வொரு சில்லாகக் கையால் சுற்ற வேண்டும். மூன்று சுற்றின, இடது முன் இறுகியே நின்றது. இங்கே பலர் நேராகக் கலிப்பரைக் கழற்றி பிஸ்டனைப் பார்க்கப் போவார்கள். முதலில் இரண்டு இடத்தைத் தளர்த்திப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சில்லு இறுகியிருக்கும்போதே, இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். சில்லு விடுபட்டால் அழுத்தம் மேலே, மாஸ்டர் பக்கம் சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் கலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். இப்போது விடுபட்டால் ஹோஸ். இதற்கும் விடுபடாவிட்டால்தான் பிஸ்டன் அல்லது கலிப்பர் சறுக்கும் பின்கள். இந்த வண்டியில் நிப்பிளைத் திறந்ததும் கறுத்த ஒயில் பீச்சி, சில்லு உடனே சுற்றியது. ஹோஸ்.

வெளியே பார்த்தால் அந்த ஹோஸில் வெடிப்பு இல்லை. நடுவில் அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டிதான் காரணம். கடற்கரைக் காற்றில் பட்டியின் உட்புறம் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். உள்ளே இருக்கும் றப்பரை நெருக்கும். மிதிக்கும்போது மாஸ்டரின் அழுத்தம் அந்த ஒடுங்கிய வழியால் ஒயிலைத் தள்ளிவிடும். திரும்பி வரத் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை: டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதன் சதுர றப்பர் சீலின் சின்ன நெளிவு மட்டுமே. அதனால் ஒயில் கலிப்பருக்குள் தங்கி, பிரேக் பாட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

நாலாவது குணத்தின் கதையும் இங்கேதான் முடிச்சவிழ்கிறது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலைக்கான தரம் 140 பாகை. டொட் 4க்கு இவை 230, 155. தண்ணீர் உள்ளே போக ஒழுக்கு வேண்டியதில்லை. ஹோஸ் றப்பர் ஊடாகவும் டப்பா மூடியின் காற்றுத் துளை ஊடாகவும் ஈரக் காற்றிலிருந்து ஒயில் உறிஞ்சும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் சொல்லவே வேண்டாம். இடது கலிப்பர் ஏற்கெனவே உரசிச் சூடாக இருந்தது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தபோது அதற்குள் இருந்த ஈர ஒயில் ஆவியானது. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் தரைக்குப் போனது. ஆறியதும் ஆவி மீண்டும் நீராகி, பெடல் திரும்பியது. கழற்றிப் பார்க்கும்போது எந்தத் தடயமும் இருக்காது என்பதால் இந்தக் கோளாறு "சும்மா ஒருக்கா வந்தது" என்று விடப்படுகிறது.

நான்கு ஹோஸையும் மாற்றியாயிற்று. ஒன்று அந்த நிலைக்கு வந்தால் மற்றவையும் அதே வயதுதான். ஹோஸைக் கலிப்பரோடு பூட்டும் பான்ஜோ போல்டுக்கு இரண்டு பக்கமும் புதிய செப்பு வாஷர். பழையதைத் திருப்பிப் போடக்கூடாது. சில்லை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் டயரிலோ சொக்கப்சோபரிலோ உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

பின் டிரம்

டிரம் கழன்று வரவில்லை. உள்விளிம்பில் துருத் திட்டு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பு வெடிக்கும். டிரம் முகத்தில் பிரியோடு இருக்கும் இரண்டு துளைகளில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் தானே தள்ளிவரும். வந்த தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனரில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

இடது வீல் சிலிண்டரின் தூசி றப்பரை விலக்கியதும் ஒயில் வழிந்தது. டப்பா மட்டம் குறைந்தது இதனால்தான். பிஸ்டன் வாயில் துரு வளையம்: மாரியில் மாவடிப்பள்ளித் தாம்போதி போன்ற இடங்களில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிய வண்டிகளில் வழக்கமாகக் காண்பது. தண்ணீர் டிரம்முக்குள் நின்று தூசி றப்பருக்குக் கீழே ஊறும். வெயில் வந்து வெளியே காய்ந்த பிறகும் உள்ளே துரு வளரும். வலது பக்கம் ஈரம் இல்லை. ஆனாலும் இரண்டு சிலிண்டரையும் மாற்றினோம். ஒயில் ஊறிய ஷூவை மண்ணெண்ணெயில் கழுவுவது, நெருப்பில் சுடுவது எல்லாம் வீண். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு செட் புதிது.

தானாக இறுக்கும் பல்லுச் சக்கரங்கள் இரண்டும் துருவில் உறைந்திருந்தன. கம்பித் தூரிகையால் பிரியைச் சுத்தம் பண்ணி, சூடு தாங்கும் கிறீஸ் மெல்லிய பூச்சாகப் போட்டதும் கையாலேயே சுற்றின. மேடு பள்ளம் இல்லாத ஊரில் கியரில் விட்டு நிறுத்துவதே பழக்கம், ஹேண்ட் பிரேக் கேபிளும் இறுகித்தான் இருக்கும், இங்கேயும் இழுக்க முடிந்தாலும் இறுக்கமே. டிரம்மைப் போட்டு, உரசும் வரை பல்லுச் சக்கரத்தைச் சுற்றி, தாராளமாகச் சுற்றும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். கேபிளை இறுக்குவது அதற்குப் பிறகு. முதலில் கேபிளை இறுக்கினால் ஷூ நெம்பு அரைவாசி இழுபட்ட நிலையில் நின்று, அளவு முழுவதும் பிழைக்கும்.

பூட்டலும் காற்று எடுத்தலும்

புதிய மாஸ்டரை வண்டியில் பூட்ட முன்னர் வைஸில் பிடித்து, துளைகளில் இருந்து டப்பாவுக்கு இரண்டு சிறு குழாய் வளைத்துவிட்டு, மரக்குச்சியால் பிஸ்டனை மெல்லத் தள்ளிக் குமிழி நிற்கும் வரை ஒயிலைச் சுற்ற வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டினால் மாஸ்டருக்குள் நிற்கும் காற்றை நாலு சில்லிலும் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பூட்டியதும் பூஸ்டர் தள்ளுகோலின் நீளம். பெடலில் 1 முதல் 3 மில்லிமீற்றர் வெற்று ஓட்டம் இருக்க வேண்டும். கோல் நீண்டிருந்தால் மாஸ்டரில் ஒயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும், சூடாக ஒயில் விரிந்து சில்லுகள் தானாக இறுகும். டப்பா மூடியைத் திறந்து, ஒருவர் மிக மெதுவாக மிதிக்க மற்றவர் உள்ளே பார்க்கலாம்: மிதியின் தொடக்கத்தில் ஒரு சின்னத் துள்ளல் தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. முகத்தை மிக அருகில் கொண்டு போக வேண்டாம்.

ஒயில் மூடியில் குறிப்பிட்டபடி டொட் 3. டொட் 4ம் போடலாம், கலக்கவும் செய்யலாம். டொட் 5 சிலிக்கன் வகை, அதை இதில் ஊற்றவே கூடாது. சீல் உடைக்காத 500 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு, பழையதைத் தள்ளி வெளியேற்றவும் சேர்த்துப் போதும். எப்போதோ திறந்து தட்டில் வைத்த அரைப் போத்தலை ஊற்றினால் இவ்வளவு வேலையும் வீணாகிவிடும்.

ஒழுங்கு: இடது பின், வலது முன், வலது பின், இடது முன். நிப்பிளில் தெளிந்த குழாய், மறுமுனை ஒயில் உள்ள போத்தலுக்குள். உள்ளே ஒருவர், சில்லடியில் ஒருவர்: "அமத்து", "பிடி", நிப்பிளைத் திறந்து மூடி, "விடு". மூட முன்னர் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். மெதுவான மிதி, அடித்து அடித்து மிதித்தால் காற்று நுண்குமிழிகளாக உடைந்து ஒயிலோடு கலந்துவிடும். டப்பா எந்த நேரத்திலும் காலியாகக் கூடாது. இறுகிய நிப்பிளுக்கு ஆறுமுனை சொக்கெட் போட்டு, திறக்க முன்னர் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்தால் துருப்பிடி விடும். பெயின்டில் ஒயில் சிந்தினால் துடைப்பதோடு நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

முடிந்ததும் என்ஜின் ஓட, ஒரு நிமிடம் ஓங்கி மிதித்துப் பிடித்து ஒவ்வொரு இணைப்பையும் கடதாசியால் ஒற்றிப் பார்த்தோம். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத றோட்டில் 20 கிலோமீற்றர் வேகத்தில் சில நிறுத்தங்கள், அதற்குப் பிறகு 50. பெடல் முதல் மிதியிலேயே பிடித்தது. இலேசாக வைத்தும் இறங்கவில்லை. திரும்பி வந்து இரண்டு முன்சில்லையும் தொட்டுப் பார்க்க ஒரே சூடு. 18 வளைவை இனி இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று உரிமையாளருக்குச் சொல்லியிருக்கிறது.

தரைக்குக் கீழே பின்னுக்கு ஓடும் இரும்புக் குழாய்களை மாற்றவில்லை. கிளிப்புகளில் அடைந்திருந்த ஈர மணலைத் தட்டி, கத்தியால் சுரண்டிப் பார்த்ததில் மேல்துரு மட்டுமே, குழி இல்லை. சுத்தம் பண்ணித் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் திரும்பச் சுரண்டிப் பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் 4.75 மில்லிமீற்றர் செப்பு நிக்கல் குழாய், முனைக்கு இரட்டை ஃப்ளேர் விரிப்பு. வெல்டிங்கோ பித்தளை ஒட்டோ இல்லை.